தோலில் வெட்டிய கேஸ்கட்

இன்று காலை பதிமூன்றாம் நம்பர் ஸ்பானரைத் தேடி என் இரும்புப் பெட்டியைக் கிளறினேன். அடித்தட்டில் பனியன் துணியில் சுற்றி வைத்திருந்த உன் கைவேலை அகப்பட்டது. பிரித்தவுடன் கருகிய தோல் வாடை. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது மாப்ளே, அந்த வாடை மட்டும் போகவில்லை.

செத்தவனைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். உன்னைப் புகழ்வதற்குத்தான் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லையே. பதினாறாம் நாள் காரியத்தில் வந்தவர்கள் எல்லாம் உன் கைராசியைப் பற்றியே பேசினார்கள். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். கைராசியாம், மண்ணாங்கட்டி! உன்னோடு பதினைந்து வருடம் ஒரே பட்டறையில் கூட்டாளியாகக் கிடந்தவனுக்குத்தான் தெரியும், அந்த ராசி எந்த டியூபிலிருந்து வந்தது என்று.

எந்தக் கசிவுக்கும் உனக்கு ஒரே மருந்து, சிவப்பு பேஸ்ட். பழனிக்குப் போகிற வண்டிகளின் கண்ணாடியில் எழுதியிருப்பதை மாற்றி, "பேஸ்ட்டு இருக்கப் பயமேன்" என்பாய். வண்டிக்காரர் சிரிப்பார். நீ இன்னும் கொஞ்சம் பிதுக்குவாய்.

மேனிபோல்டு என்றால் என்ன என்று உனக்குக் கடைசிவரை விளங்கவே இல்லை. நாலு சிலிண்டரும் எரித்துத் துப்புகிற புகையைச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்புகிற வார்ப்பிரும்புக் குழாய் அது. அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு, அதுதான் கேஸ்கட். இரும்பு சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும். இரண்டுக்கும் ஈடு கொடுத்துப் புகையை வெளியே விடாமல் பிடித்து வைப்பது அந்தத் தகடுதான். அந்தப் புகை விஷம், கசிந்து வண்டிக்குள் புகுந்தால் ஆளையே மயக்கிவிடும். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து கழற்ற வேண்டும். பழையதைச் சுத்தமாகச் சுரண்ட வேண்டும். குழாயின் முகம் வளைந்திருக்கிறதா என்று இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று சுற்றில் முறுக்க வேண்டும். நீயோ கைக்கு எட்டிய ஓரத்து நட்டைப் பிடித்து, மூச்சைப் பிடித்து ஒரே முறுக்கு. போல்ட் ஒடிந்தால் வண்டி செய்த கம்பெனிக்காரனைத் திட்டுவாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ரெட்டியார்சத்திரத்து வாத்தியாரின் பழைய கார் வந்த நாள் நினைவிருக்கிறதா? டிக் டிக் என்று சத்தம். கேஸ்கட் எரிந்து போயிருந்தது. புதியது மதுரையிலிருந்து மறுநாள்தான் வரும். அவருக்கோ அன்றைக்கே குடும்பத்தோடு பழனிக்குப் போக வேண்டும். "நாளைக்குப் போங்க சார்" என்றேன். நீ குறுக்கே விழுந்தாய். "செத்த நேரம் டீ குடிச்சிட்டு வாங்க சார், முடிச்சுத் தாரேன்."

அவர் அந்தப் பக்கம் போனதும் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்த உன் மச்சினன் கொடுத்த துண்டை எடுத்துக் கத்தரியால் வெட்ட ஆரம்பித்தாய்.

"ஏலே, புகை போற இடத்துக்குத் தோலா?"

"அடிபம்புக்கு அம்புட்டு வருசம் தோல் வாசருதான் போட்டேன். ஒரு சொட்டு ஒழுகிருக்கா?"

தண்ணீருக்கும் நெருப்புக்கும் வித்தியாசம் தெரியாத உன்னிடம் என்ன பேசுவது? தலையில் அடித்துக்கொண்டு வேறு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். தோல், அதன் மேல் பேஸ்ட். சத்தம் நின்றது. வாத்தியார் உன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது, ஒட்டன்சத்திரம் தாண்டி, அவருடைய ஆறு வயது மகள் பின்சீட்டில் வாந்தி எடுத்து மயங்கிவிட்டாள். வெயிலுக்குக் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டிருந்தார்கள். பயந்துபோய்க் கதவைத் திறந்து, பிள்ளையைப் புளியமரத்தடியில் கிடத்தி விசிறிய பிறகுதான் கண் விழித்தாளாம். மறுநாள் அவர் வந்து சொன்னார். நீ கேட்டாய்: "ஆயக்குடில கொய்யாப்பழம் வாங்கிக் குடுத்தீங்களா? வெறும் வயித்துல தின்னா பித்தம் தூக்கும் சார்."

மனுஷன் அதை நம்பினார். "நாந்தான் வாங்கிக் குடுத்தேன்" என்று தலை குனிந்து நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கவில்லை. மதுரையிலிருந்து வந்த கேஸ்கட்டை நானே மாட்டினேன். கருகிச் சுருண்டிருந்த உன் தோலைத் துணியில் சுற்றி என் பெட்டியில் போட்டேன். என்றைக்காவது உன் மூஞ்சியில் விட்டெறிய வேண்டும் என்றுதான் வைத்திருந்தேன். நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இன்று ஸ்பானர் தேடியது அதே வாத்தியாரின் காருக்காகத்தான். ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்: "பாப்பா காலேஜ் போறா. இப்பவும் கொய்யாவைப் பாத்தா என் வீட்டம்மா என்னையத்தான் மொறைக்கிறா. உங்க கூட்டாளி மட்டும் சொல்லலேன்னா காரணமே தெரிஞ்சிருக்காது. கைராசிக்காரரு."

பொறுக்கவில்லை மாப்ளே. துணியைப் பிரித்து அவர் கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், உன் அடிபம்பு ஞானத்தையும் சேர்த்து. அவர் உன்னைத் திட்டுவார், பக்கத்தில் நின்று நானும் ஆசை தீரத் திட்டலாம் என்று காத்திருந்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிள்ளை மயங்கினது இதனாலதான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"தோலு தாங்காது, புகை கசியும்னு வெட்டும்போதே தெரியும் சார்."

"அவரு தெரியாமப் போட்டாரு" என்றார். "நீங்க தெரிஞ்சே போக விட்டீங்க."

பானட்டை அவரே மூடினார். சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வேலை பாக்கி இருக்கும்போதே வண்டியை எடுத்துப் போய்விட்டார். தோல் ஸ்டூலின் மேல் கிடந்தது. குப்பையில் போடக் கையை ஓங்கினேன், முடியவில்லை. மறுபடியும் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். இனி அதை உன் கைவேலை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாயில்லை.