வயிறு எரிந்த அன்று

இயேசு மரி சூசை துணை

பகாவ் தோட்டம்,
தபசுகாலத்து இரண்டாம் ஞாயிறு.

என் அன்பு மகள் நட்டாலிக்கு அம்மா மரியகொரெட்டி எழுதுவது. மடத்தில் உனக்கு வைத்த புனிதப் பெயரை உறையின்மேல் ஒழுங்காக எழுதியிருக்கிறேன். உறைக்குள்ளே நீ எனக்கு நட்டாலிதான், மதர் அவர்கள் மன்னிக்கட்டும். இங்கே அப்பா, நான், உன் அண்ணன் பேட்ரிக் எல்லோரும் ஆண்டவர் புண்ணியத்தில் நலம். கடலுக்கு அந்தப்பக்கம் சபாவில் நீயும் மற்ற சிஸ்டர்களும் சுகமாயிருக்க தினமும் ஜெபமாலையில் ஒரு பத்து மணி ஒதுக்கி வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. போன் பேசாத மடத்தில் இருந்துகொண்டு, ஆப்பரேஷன் செய்தி கிடைத்த நாளிலிருந்து அப்பாவுக்காக அழுதிருக்கிறாய் என்று எழுத்தின் கோணலிலேயே தெரிந்தது. "அப்பாவின் வயிற்றெரிச்சலைச் சுமந்துகொண்டு பீடத்தின் முன்னால் எப்படி விழுந்து கிடப்பேன் அம்மா, துறவறத்துக்கான நித்திய வார்த்தைப்பாட்டைத் தள்ளி வைக்கச் சொல்லி மதரிடம் கேட்கப்போகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். என்னால்தான் அப்பாவைக் கத்திக்குக் கொடுக்கும்படி ஆயிற்று என்றும் எழுதியிருக்கிறாய். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படித்து முடிக்கிறவரைக்கும் மதரிடம் போகாதே.

முதலில் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். சிரம்பான் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு அறுவை செய்தது ஒரு மலாய்க்கார டாக்டரம்மா. வயது உன்னைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். உணவுக்குழாயும் வயிறும் சேருகிற இடத்தில் ஒரு வாய் இருக்கிறதாம். சாப்பாடு இறங்கியதும் அது மூடிக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு அது தளர்ந்து திறந்தே கிடந்திருக்கிறது. வயிற்றின் மேல் ஓரமும் நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் புளிப்பு மேலே மேலே ஏறித் தொண்டையைப் பொசுக்கியிருக்கிறது. நாம்தான் கேஸ்ட்ரிக், கேஸ்ட்ரிக் என்று கடையில் வெள்ளை மருந்தை வாங்கிக் குடிக்கவிட்டோம்.

டாக்டரம்மா அப்பாவை மாமா முறை வைத்து அழைத்து, அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "பாச்சிக், நீங்கள் கட்டுகிற சாரோங் தளர்ந்துபோனால் என்ன செய்வீர்கள்? மேலே இழுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, இறுக்கிச் செருகுவீர்கள் அல்லவா? அதைத்தான் வயிற்றின் மேல் பாகத்தை வைத்து நான் செய்யப் போகிறேன்" என்றார். அப்பா கட்டிலில் படுத்தபடியே, "நல்லா இறுக்குங்க டாக்டர், நடு ரோட்டுல அவுந்துறாம" என்றார். பேட்ரிக் அதை மலாயில் சொன்னதும் நர்சுகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். சின்னச் சின்னத் துளைகள் போட்டுத்தான் செய்தார்கள். தழும்புகூட இப்போது கொசு கடித்த மாதிரிதான் தெரிகிறது.

இது எப்போது ஆரம்பித்தது என்று பேட்ரிக் கேட்டான். நானாகக் கேட்டிருக்க மாட்டேன், பயம். இவ்வளவு தளர்ச்சி நேற்று முந்தாநாள் வந்திருக்காது, இளவயதில் லோரி ஓட்டத் தொடங்கிய காலத்திலேயே ஆரம்பித்திருக்கும் என்றார் டாக்டரம்மா. அதாவது நீ பிறப்பதற்கும் முன்னால். மகளே, இந்த வரியை இன்னொரு தடவை படி.

உடம்புக்குக் காரணம் தெரிந்துவிட்டது, அப்பா வாயால் சொன்ன சொல்லுக்கு என்ன பதில் என்று நீ கேட்பாய். அதற்கும் வருகிறேன். அதற்கு முன்னால் உன் அப்பாவைப் பற்றி நான் கொஞ்சம் பெருமை பேச வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை இப்படி நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. பழைய அகராதியை வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தமிழில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். உனக்குத்தான் தெரியுமே, அம்மாவுக்கு எதையும் எழுதி வைத்தால்தான் மனசு நிற்கும். கடைக்கணக்கு நோட்டில் அப்பா என்ன விழுங்கினார், எது தொண்டையில் நின்றது என்பதற்கும் இடம் ஒதுக்கிவிட்டேன். முதலில் வெறும் தண்ணீர்ச் சாறு. அப்புறம் குழைந்த கஞ்சி. காரச் சம்பல் இல்லை, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் இல்லை, ரொட்டி இல்லை. செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போகும் அவசரத்தில், யாரோ துரத்துவதுபோல அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்ட மனுஷன், இப்போது ஒரு கரண்டிக் கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி மென்றுகொண்டிருக்கிறார். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. ஒரு சத்தம் போடவில்லை. தான் சாப்பிட்ட கிண்ணத்தைத் தானே கழுவிக் கவிழ்க்கிறார். பக்கத்து அறையில் நான் மீன் பொரித்தால், வாசனை வரும்போது "நல்லா மொறுமொறுன்னு எடு, கொரெட்டி" என்று எனக்கே சொல்கிறார்.

அவர் லோரியை இப்போதைக்கு நம் தோட்டத்துப் பையன் அர்ச்சுனன் ஓட்டுகிறான். வீட்டைத் தாண்டும்போதெல்லாம் ஹாரன் அடிப்பான். ஒரு நாள் நிறுத்தி எட்டிப் பார்த்து, "என்னா மாமா, பாப்பா சாப்பாடு சாப்பிட்டு கன்னமெல்லாம் பளபளன்னு ஆயிருச்சி" என்றான். அப்பா, "லோரிய தேய்ச்சி வெச்சிருந்தேன், ஒரு கீறல் விழுந்திச்சின்னா, ஒனக்கும் பாப்பா சாப்பாடுதான் லா" என்றார். அவன் மறுநாளே லோரியைக் கழுவிக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனான்.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை அத்தை கதையைக் கேட்டால் நீ சிரிப்பாய். நோயாளியைப் பார்க்க வரும்போது எல்லோரும் வாங்கி வருகிற அந்தக் காற்றடைத்த பானத்தை அவளும் ஒரு கட்டு தூக்கி வந்தாள். அதுதான் இவருக்கு ஆகவே ஆகாது. அதை எடுத்து வைத்துவிட்டு, அவள் குழைத்துக் கொண்டுவந்த பருப்புச் சாதத்தை அப்பாவுக்குக் கொடுத்தேன். முழுசாகச் சாப்பிட்டார். அவள் எழுந்து போகாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில், "என்னாண்ணே, உப்பு பத்தலையா?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் உன் அப்பாவின் ஏப்பத்துக்காகக் காத்திருந்திருக்கிறாள். ராயப்பன் சாப்பிட்டு முடித்தார் என்று அந்தக் காலத்தில் லயத்து வீடுகளுக்கெல்லாம் தெரியவைத்த ஏப்பம் அல்லவா. இறுக்கிக் கட்டிய பிறகு ஏப்பம் சுலபத்தில் வராது என்று நான் விளக்கினேன். "அப்ப சாப்பாடு நல்லா இருந்திச்சின்னு எப்பிடித்தான் தெரிஞ்சிக்கிறது?" என்று அவளுக்குக் குறையோ குறை. அப்பா உடனே அவளைப் பார்த்துக் கையைக் கூப்பி, "நல்லா இருந்திச்சி, பாஞ்சாலை" என்றார். வாயைத் திறந்து சாப்பாட்டைப் பாராட்டி அவர் பேசியதை நான் கேட்டதே இல்லை. அன்றிலிருந்து எனக்கும் தினமும் சொல்கிறார். வெறும் கஞ்சிக்கு.

போன பூசைக்கு ஃபாதர் தோட்டத்துச் சிற்றாலயத்துக்கு வந்தபோது அப்பாவையும் மெல்ல நடத்திக் கூட்டிப் போனேன். ரொட்டி மாதிரி உலர்ந்தது எதுவும் தொண்டையில் நிற்கும் என்று ஃபாதரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். அவர் நற்கருணை அப்பத்தில் ஒரு துணுக்கு மட்டும் கிள்ளிக் கொடுத்து, ஒரு வாய்த் தண்ணீரும் கொடுத்தார். கஞ்சிக்கும் குழைத்த சாதத்துக்கும் பிறகு அப்பா விழுங்கிய முதல் கெட்டிப் பொருள் அதுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதில்லை. ஃபாதர் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்ற மணி அடித்ததும் அப்பா முழங்காலிட்டார். நீ போனதிலிருந்து அவர் கோயிலில் கடைசியில், கதவோரம் நின்றுகொண்டே இருப்பார், முழங்காலிட மாட்டார், தலையைக்கூடத் தாழ்த்த மாட்டார். மகளைக் கொடுத்த கோபம் ஆண்டவர் மேலேயே திரும்பிவிட்டது என்று நான் எத்தனையோ நவநாள் செய்தேன். நடுவில் சில பேர் என் காதுபடவே பேசினார்கள். இப்போது முழங்காலிட்டதும், மனம் திரும்பிவிட்டார் என்று நினைத்து அழுதேன். அதுவும் சரியில்லை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

குனியலாம் என்று டாக்டரம்மா அனுமதி கொடுத்திருந்த வாரம் அது. அப்பாவின் செருப்பு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. நான் எடுத்துத் தருகிறேன் என்பதற்குள் அவரே குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. தலை தரையைத் தொடுகிற மாதிரி அப்படியே இருந்தார். மயக்கம் போட்டுவிட்டார் என்று ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். "விடு கொரெட்டி. ஏறுதான்னு பாக்குறேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏறல. ஒண்ணுமே மேல ஏறல" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

பிறகு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "கோயில்ல ஏன் முட்டி போடலன்னு நெனச்ச? கொஞ்ச வருஷமா தல தாந்தா போதும், புளிப்பு வாய்க்கே வந்துரும். சாமி முன்னால துப்ப முடியுமா?" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது உனக்கானது. அதனால் அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

நீ மடத்துக்குக் கிளம்பிய காலை உனக்கு மறந்திருக்காது. பேட்ரிக் காரில் பெட்டியை ஏற்றிவிட்டான். சொந்தக்காரர்கள் எல்லாம் வாசலில் நின்றார்கள். நீ ஆசீர்வாதம் வாங்க அப்பாவின் காலடியில் முழங்காலிட்டாய். உன் நெற்றியில் சிலுவை போட அப்பா கட்டை விரலை நீட்டிக் குனிந்தார். பாதி குனிந்தவர் வெடுக்கென்று நிமிர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வயிறு எரியுது" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். பெற்ற தகப்பன் பிள்ளையைப் பார்த்து வயிறு எரியுது என்றால் யாரும் அதை வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? நீ வெறும் நெற்றியோடு காரில் ஏறினாய்.

"அன்னிக்கி நெசமாவே வயிறுதான் எரிஞ்சிச்சி, கொரெட்டி" என்கிறார். "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல. குனிஞ்சதும் நெருப்பு மாதிரி வாய் வரைக்கும் வந்திருச்சி. அவ தல மேலயா வாந்தி எடுப்பேன்? பின்னால போயி கொல்லயில குனிஞ்சேன். கழுவிட்டு வர்றதுக்குள்ள காரு போயிருச்சி."

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். செருப்பின் வாரைத் தடவினார். "எல்லாரும் கோவம்னு சொன்னீங்க. கோவமும் இருந்திச்சி. இல்லன்னு சொன்னா பொய். ரெண்டும் ஒரே எடத்துல எரியறப்ப எது எதுன்னு நான் எப்பிடிப் பிரிக்கிறது?" என்றார். அப்புறம், "இப்பத்தான் தெரியுது. ஒண்ண டாக்டரு எடுத்துட்டாங்க. மிச்சம் ஏதாச்சும் எரியுதான்னு தெனம் பாக்குறேன். எரியல" என்றார்.

மகளே, நான் எழுத்து கற்றதே ஜெபப் புத்தகத்தைப் பார்த்துத்தான். பெரிய விளக்கமெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கோபமே இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இருந்தது, இப்போது இல்லை என்கிறார். அதனால் நம்புகிறேன். இத்தனை காலம் உள்ளே நெருப்பை வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கி, விடிந்ததும் லோரியை எடுத்து, உன் படிப்புக்கும் பேட்ரிக் படிப்புக்கும் ஓடிய மனுஷன் ஒரு நாள்கூட வலிக்கிறது என்று முழுசாகச் சொன்னதில்லை. சொன்ன ஒரே ஒரு நாள் நாம் யாரும் அதை வலி என்று எடுத்துக்கொள்ளவில்லை.

பாஸ்கா திருநாள் முடிந்து உன் வார்த்தைப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். விமானத்தில் உட்காரலாம், பாரம் மட்டும் தூக்கக்கூடாது என்றார் டாக்டரம்மா. பெட்டியைப் பேட்ரிக் தூக்குவான். அப்பாவுக்குக் கஞ்சிமாவை நான் வறுத்து அரைத்து எடுத்து வருவேன். வெள்ளைச் சட்டை ஒன்றைத் தேய்த்து இப்போதே மாட்டி வைத்துவிட்டார். உடம்பு இளைத்ததால் கழுத்து தொளதொள என்று இருக்கிறது, பிடித்துத் தைக்க வேண்டும்.

நீ மதரிடம் தேதியைப் பற்றிக் கேட்க வேண்டாம். வேறு ஒன்றைத்தான் கேட்க வேண்டும். உங்கள் மடத்தில் பெற்றவர்கள் வந்தாலும் கம்பிக்கு அந்தப்பக்கமிருந்துதான் பார்க்க முடியும் என்று முன்பு எழுதியிருந்தாய். அந்தக் கம்பிக்கு நடுவில் கை நுழையுமா என்று அப்பா கேட்கச் சொல்கிறார். லோரி ஓட்டிய கை, பெரிய கை, உனக்கே தெரியும். நான் எழுத உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து, தாளின் பின்பக்கத்தில் கையை விரித்து வைத்து, பென்சிலால் தானே சுற்றி வரைந்துவிட்டார். கட்டை விரல் பக்கம் மட்டும் கொஞ்சம் கோணிவிட்டது. கம்பியோடு வைத்துப் பார்த்து எழுது. நுழையாது என்றால் கட்டை விரல் மட்டுமாவது நுழையுமா என்று பார்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா,
மரியகொரெட்டி