கனி ஊன்றிய பிச்சி

மே 4, ஞாயிறு
வெயில் தாங்கவில்லை. நாள் முழுக்கச் சாமான் கட்டும் வேலை. வெள்ளிக்கிழமை தாராவி வீட்டை இடிக்கிறார்கள். பாத்திரம், பீரோ, சிலிண்டர் எல்லாம் போய்விடும். பிச்சிக்கொடியைத்தான் கொண்டுபோக முடியாது. வேர் சாக்கடைச் சிமெண்டுக்குள் இறங்கிவிட்டது.

கனி ஏழாவது படிக்கும்போது ஊன்றியது. ஏதோ பள்ளிப் பாடம். "தண்டுலயே வேர் வரும்ப்பா, பாரேன்." நான் நம்பவில்லை. வந்தது. மகள்தான் இல்லை. போன வருஷம், காய்ச்சலில்.

ஆறு குச்சி வெட்டினேன், கணுவுக்குக் கீழே. அடி இலைகளைக் கிள்ளிவிட்டு மணல் தொட்டியில். கனியின் அம்மா செல்வி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மே 9, வெள்ளி
செம்பூர் வாடகை அறை. ஐந்தாம் மாடி, லிஃப்ட் பந்த், படியேறித்தான். டெம்போவில் செல்வி மடியில் தொட்டி.
பெல்ட் பட்டறையில் வேலை முடிந்து தாராவிப் பக்கம் போனேன். சுவரோடு கொடியும் கீழே. பூவோடு. செல்வியிடம் சொல்லவில்லை.
இரண்டு குச்சி கறுப்பு.

மே 20, செவ்வாய்
தளிர்! செல்விதான் எழுப்பினாள். "ஏங்க, வந்துட்டு பாருங்க." எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மீன்குழம்பு வைத்தாள். தளிர்த்தது அந்த ஒரு குச்சிதான். மற்றதெல்லாம் அழுகல்.

நர்சரிக்காரனிடம் கேட்டேன். "பத்தா ஆயா தோ க்யா? ஜட் தேக்கோ." இலை வந்ததால் வேர் வந்ததாக ஆகாதாம், வேரைத்தான் பார்க்கணுமாம். தண்டில் மிச்சமிருக்கிற சத்திலேயே தளிர்க்குமாம். இதையும் சொல்லவில்லை.

மே 27, செவ்வாய்
மழை. செருப்பு அறுந்தது. தளிர் வளரவில்லை. பக்கத்து ஃபிளாட் மாமி ரணகள்ளி இலை கொண்டுவந்தார். "இத மண்ணு மேல போட்டாலே போறும். எல ஓரத்துலேர்ந்தே வேர் விட்டுடும், குட்டி குட்டியா." செல்வி வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தியதும்: "இது எதுக்கு நமக்கு?"

ஜூன் 1, ஞாயிறு
ஓர் இலை மஞ்சள். செல்வி குளிக்கப் போனாள். பொறுக்க முடியாமல் பிடுங்கிப் பார்த்தேன். அடியில் வெள்ளைத் தடிப்பு. அதில் நூல் மாதிரி ஒரே வேர். இழுத்ததில் முறிந்து, பாதி மணலிலேயே.

ஈரத் தலையோடு வந்தவள் என் கையைப் பார்த்தாள்.
"எதுக்குப் பிடுங்குனிய?"
"வேர் வந்திருக்கான்னு..."
"வந்திருந்துச்சா?"
"வந்திருந்துச்சு."

மறுபடி ஊன்றினேன். அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஜூன் 4, புதன்
விடாத மழை. ரயில் தாமதம், பட்டறையில் பேச்சு வாங்கினேன். குச்சி அடியிலிருந்து மேல்வரை கறுப்பு. செல்வி இன்றும் தண்ணீர் ஊற்றினாள்.