காய்க்கு விட்ட இடம்

என் கைப்பைக்குள் கடற்கரை அடம்பன் கொடியின் காய் ஒன்று கிடக்கிறது. காலையில் வெள்ளவத்தைத் தண்டவாளத்தோரம் பிடுங்கியது. பை முழுக்க உப்பும் காய்ந்த இலையுமாக மணக்கிறது. நீ இருந்திருந்தால் துள்ளியிருப்பாய். எனக்குத் துள்ளத் தெம்பில்லை. பஸ் ஓடும் காலி வீதிக்கு ஏறி வருவதற்குள்ளேயே முழங்கால் விட்டுப்போய்விட்டது.

கரையோரக் காட்டுப் பூக்களை நீ படமாகக் கீற, நான் விவரம் எழுத, புத்தகமாக்குவதென்று தொடங்கினோம். அடம்பனின் ஊதாப் பூவை நீ கீறிய நாட்களில் குடை பிடித்தவள் நான். வெயில் ஏறமுதல் முடிக்கவேண்டும், பிறகு பூ வாடிவிடும். "வீட்ட கொண்டுபோய்க் கீறன்" என்றால் முறைப்பாய்.

"அங்க போனா நிறம் செத்துப்போயிடுமடி."

ரயில் போகும்போது நீ தாளைப் பொத்துவாய். நான் உன்னையும் குடையையும் பிடித்துக்கொள்வேன்.

பெரிய சண்டையென்றால் எங்களுக்குள் ஒன்றுதான். இலையில் பூச்சி அரித்த ஓட்டையையும் கீறப் பார்த்தாய். பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் படிப்பித்த திமிர் எனக்கு. "இது இந்தக் கொடியின்ர படமில்லை, அடம்பன் இனத்தின்ர படம். இனத்துக்கு ஓட்டை இல்லை" என்றேன்.

"இந்த இலைக்கு இருக்கே" என்றாய். ஆனாலும் முழு இலையாகவே கீறினாய். பூ, மொட்டு, வெட்டிப் பார்த்த சூலகம் எல்லாம் வந்தன. வலது மூலையில் காய்க்கு மட்டும் இடம் விட்டாய். காய்க்கிற நேரம் பார்த்து ஒவ்வொரு முறையும் கடல் ஏறிக் கொடியை அள்ளிக்கொண்டு போனது. பிறகு உனக்கு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தாய்.

ஆஸ்பத்திரியில், வேறு புத்தகத்துப் படத்தைப் பார்த்தாவது கீறி முடி என்று கெஞ்சினேன். "காணாததை நான் கீறமாட்டன். காய் வரட்டும்." நீ போய்விட்டாய், காய் இப்போதுதான் வந்திருக்கிறது. கோபம் கோபமாக வருகிறது, யாரில் என்றுதான் தெரியவில்லை.

பதிப்பகத்துப் பிள்ளை நேற்றும் போன் எடுத்தாள். "அன்ரி, காயின்ர போட்டோ ஒண்டு அனுப்புங்கோ, கொம்பியூட்டரில போட்டு அந்த இடத்தை நிரப்பிவிடுறம்." காயில்லாத படம் விஞ்ஞானமே இல்லை என்று உன்னோடு அத்தனை வருடம் அடித்துக் கதைத்தவள் நான்தான்.

"இடத்தை அப்பிடியே விடுங்கோ, பிள்ளை" என்றேன். அதற்குமேல் கதைக்கக் களைப்பாக இருந்தது.

இப்போது காயை மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன். கேள். சுண்டங்காயைவிடக் கொஞ்சம் பெரிது. காய்ந்து பழுப்பாகி வெடித்திருக்கிறது. உள்ளே நாலு விதை, தடவினால் பூனைக்குட்டி முதுகு மாதிரி. ஒன்றில் பூச்சி துளைத்திருக்கிறது.

அந்த ஓட்டையையும் கீறு.