மாரியிலும் தவணை வரும்

1979 பெப்ரவரி 6

காலையில் ஐஸ் கொம்பனிக்குப் போய் ஜனவரிக் கணக்கை முடித்தேன். அறுபது பார் ஐஸ் போடும் மெஷினில் நாளுக்கு இருபது பார்கூட விற்கவில்லை. வாடைக்காற்றில் வள்ளம் இறங்காது. மீன் இல்லாத ஊரில் ஐஸ் யாருக்கு?

பத்து மணிபோல் டொமினிக் வந்தான். என் மனுசன் சிறிலின் தம்பி; கொம்பனியில் பாதிப் பங்கு அவனுக்கு. கையில் பளபளப்பான ஒரு தாள். கொழும்பில் மெஷின் விற்கும் முகவர் ஒருவர் போட்டுக் கொடுத்த கணக்காம். புது மெஷின், நாளுக்கு இன்னும் நூறு பார். விலை இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம். கொம்பனியின் சேமிப்பு அறுபதாயிரம், மிச்சத்துக்கு வங்கிக் கடன். கடனுக்கு ஈடாக வீடு வேண்டும். என் வீடு.

அப்பா எனக்குச் சீதனமாக எழுதிய வீடு. உறுதிப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. அதை அவன் என்னிடம் கேட்கவில்லை, சிறிலிடம் கேட்டான். நான் அதே மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்! என் மனுசன் என்ன சொன்னார்? "பாப்பம்" என்றார். என்னத்தைப் பாக்கிறது? ஆரின்ரை வீட்டை ஆர் பாக்கிறது?

பெப்ரவரி 8

அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வந்தேன். முகவரின் கணக்கு வெகு அழகு. ஒரு பாருக்கு நாலு ரூபா இலாபம், நாளுக்கு நூறு பார், வருடத்துக்கு முந்நூறு நாள். ஆக வருடம் ஓர் இலட்சத்து இருபதாயிரம். இரண்டே வருடத்தில் போட்ட காசு கைக்கு வந்துவிடுமாம்.

முந்நூறு நாள்! திருகோணமலைக் கரையில் முந்நூறு நாள் கடலுக்குப் போனவன் எவன்? ஐப்பசிக் கடைசியில் தொடங்கினால் மாசி வரை வாடை. பிறகு கடல் அடங்க வேண்டும், மீன் படவேண்டும். புது மெஷினுக்கு வேலை இருக்கப்போவது நூற்றைம்பது நாள். மற்ற நாட்களுக்குப் பழைய மெஷினே தாராளம். அப்போது வருடம் அறுபதாயிரம்தான். கொழும்புக்காரனுக்குத் தெரியாது, போகட்டும். டொமினிக் எங்கே பிறந்தவன்?

இரண்டு வருடமாகத் தபாலில் கணக்கியல் படிக்கிறேன். சிறிலைக் கேட்டால் "எல்சிக்கு அது பொழுதுபோக்கு" என்பார். பாடப் புத்தகத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. வங்கி வட்டி பதினெட்டு வீதம் என்றால், அடுத்த வருடம் வரப்போகும் நூறு ரூபாவுக்கு இன்றைய பெறுமதி எண்பத்தைந்து ரூபாதான். அதற்கு அடுத்த வருடத்து நூறு, எழுபத்திரண்டு. இப்படி ஒவ்வொரு வருடத்து அறுபதாயிரத்தையும் இன்றைக்கு இழுத்து வந்து கூட்டினேன். உப்புத் தண்ணீரில் கிடக்கும் குழாய்கள் ஆறு வருடத்துக்கு மேல் தாங்காது, பழையதில் பட்டு அறிந்தோம். ஆறு வருடத்துக்கும் சேர்த்து இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம் வருகிறது. இரண்டு நாற்பதைக் கொடுத்து இரண்டு பத்தை வாங்கப்போகிறோம். இந்தக் கெட்டித்தனத்துக்கு என் வீடு ஈடு!

இன்னொன்றும் இருக்கிறது. தவணை மாதம் நாலாயிரத்து ஐந்நூற்று எழுபது ரூபா, ஐந்து வருடத்துக்கு. வங்கி அதை மாரியிலும் கேட்கும்.

பெப்ரவரி 9

மூன்று தரம் கூட்டிப் பார்த்துவிட்டேன். பிழை இல்லை.

பெப்ரவரி 11, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து டொமினிக்கும் அவன் மனைவி திரேசம்மாவும் சாப்பிட வந்தார்கள். கோப்பைகளை எடுத்ததும் என் தாளை மேசையில் விரித்து, ஒவ்வொரு வரியாகச் சொன்னேன்.

உப்புவெளியில் ஹொட்டல்கள் வருகின்றன, மாரியில் அவர்கள் ஐஸ் வாங்குவார்கள் என்றான் டொமினிக். வெள்ளைக்காரரும் அடங்கிய கடலுக்குத்தான் இங்கே வருகிறார்கள், மாரியில் அவர்கள் கொழும்புப் பக்கத்துக் கரையில் இருப்பார்கள் என்றேன்.  டொமினிக் சிரித்தான்.

"அண்ணை, பொம்பிளையள் கணக்குப் பாத்தா ஒரு வள்ளமும் கடலில இறங்காது."

சிறிலும் சிரித்தார். டொமினிக் சிரித்தது எனக்குப் பெரிதில்லை. இவர் சிரித்தார். இருபத்திரண்டு வருடம் ஒரு சதம் சம்பளமில்லாமல் அந்தக் கொம்பனிப் புத்தகங்களை எழுதியவள் நான். என் கணக்கில் ஒரு பிழை காட்டட்டும் பார்ப்போம். காட்ட ஏலாது. சிரிக்க மட்டும் ஏலும்.

உறுதி அலுமாரியில், அலுமாரியைப் பூட்டும் திறப்பு என்னிடம், கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டேன். திரேசம்மா என் முகத்தையும் டொமினிக்கின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெப்ரவரி 15

நாலு நாளாகச் சிறில் என்னோடு கதையில்லை. சோற்றை வைக்கிறேன், தின்கிறார், எழும்பிப் போகிறார். தின்பதில் மட்டும் குறைவில்லை.

பெப்ரவரி 21

கிண்ணியாவிலிருந்து ஜெமீல் வந்தார். எங்களிடம் அதிகம் ஐஸ் வாங்கும் மீன் முதலாளி அவர்தான். சிறில் கேட்கட்டும் என்றே சத்தமாகக் கேட்டேன், புது மெஷின் போட்டால் மாரியில் எத்தனை பார் எடுப்பீர்கள் என்று.

"மாரியில எனக்கு ஐஸ் என்னத்துக்கு அக்கா? லொறியே வீட்டில நிக்கிது" என்றார்.

சிறில் எழுந்து வெளியே போனார். எனக்கு இன்று முழுவதும் நல்ல பசி.

பெப்ரவரி 25, ஞாயிறு

கோயில் வாசலில் பக்கத்து வீட்டு மரியம்மா வாய்விட்டாள். திரேசம்மா யாரிடமோ சொன்னாளாம், பிள்ளையில்லாத மனுசி வீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்ன செய்யப்போகிறா, எல்லாம் பொறாமை என்று.

எனக்குப் பொறாமை! அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நான் ஒரு நாளாவது... வேண்டாம், எழுதவும் மனமில்லை. என் வீட்டில் வந்து சாப்பிட்ட வாய்.

மார்ச் 3

திரேசம்மா வந்தாள். தனியாக, உப்புவெளியிலிருந்து பஸ்ஸில். டொமினிக் இப்போது அவளுடைய வீட்டு உறுதியைக் கேட்கிறானாம். அதுவும் சீதன வீடுதான். மூத்த மகளுக்கென்று வைத்திருக்கிறாள். கதிரையின் நுனியில் இருந்தபடி கேட்டாள்.

"அக்கா, நான் கையெழுத்து வைக்கட்டோ?"

லாச்சி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எனக்கோ கோயில் வாசலில் கேட்ட கதைதான் காதில் நின்றது.

"உம்மட மனுசனைக் கேளும். நான் பொறாமைக்காரி எல்லோ."

தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். சரியாகத்தான் சொன்னேன். அன்று ஞாயிற்றுக்கிழமை என் மேசையில் எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து கேட்டவள்தானே? இனி நான் என்ன, வீடு வீடாகப் போய்ப் பாடம் நடத்துவதா?

மார்ச் 9

கையெழுத்து வைத்துவிட்டாளாம்.

மே 20, ஞாயிறு

மெஷின் பூட்டியாயிற்று. பங்குச் சுவாமி வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். டொமினிக் புதுச் சட்டையோடு அங்கும் இங்கும் நடந்தான். முதல் பார் வெளியே வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். திரேசம்மா என் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை.

ஓகஸ்ட் 12

நூற்றறுபது பாரும் போகிறது, ஒவ்வொரு நாளும். "எப்பிடி மச்சாள், உங்கட புத்தகம்?" என்று டொமினிக் கேட்டான். இந்த மாதம் இப்படித்தான் போகும் என்று என் தாளிலேயே இருக்கிறது. அதைச் சொன்னால் கேட்பானா? இந்தக் காசில் பாதியை மாரித் தவணைக்கு ஒதுக்குங்கள் என்று போன கிழமையே சிறிலிடம் சொன்னேன். தலையாட்டினார். நேற்று டொமினிக் மோட்டார்சைக்கிள் வாங்கினான்.

நவம்பர் 28

வாடை. புது மெஷின் நிற்கிறது. தவணை நிற்கவில்லை.

1980 பெப்ரவரி 4

இரண்டு தவணை பாக்கி. டொமினிக் மோட்டார்சைக்கிளை வாங்கிய விலையில் பாதிக்கு விற்றான். வங்கிக் கடிதத்தைச் சிறில் என் மேசையில் வைத்தார், நான் ஏதோ செய்வேன் என்பதுபோல. என்ன செய்ய? கூட்டத்தான் தெரியும் எனக்கு. காற்றைத் திருப்பத் தெரியாது.

"எப்ப சொன்னனான் நான்? எத்தினை தரம் சொன்னனான்?" என்று கத்திவிட்டேன். கொம்பனி ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

செப்டெம்பர் 15

இந்த வருடம் மண்ணெண்ணெய் விலை ஏறி, பாதி வள்ளங்கள் கரையில் கிடந்தன. மின்சாரக் கட்டணமும் ஏறியது. நாலு ரூபா இலாபம் இரண்டரைக்கு வந்துவிட்டது. இதை நானும் கணக்கில் எடுக்கவில்லை. என் தாள்கூட அவர்களுக்கு இரக்கம் பார்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

1981 ஜனவரி 17

மெஷினை விற்கலாமென்று இரண்டு மாதம் அலைந்தார்கள். வாடை நேரம் ஐஸ் மெஷின் வாங்க எவன் வருவான்? வங்கி ஏலம் போடுமுன் திரேசம்மாவின் வீட்டை விற்றுக் கடனை அடைத்தார்கள். வாங்கியவர் அதில் விருந்தினர் விடுதி நடத்தப்போகிறாராம். எல்லாம் போக மிச்சம் பதினோராயிரம். அந்தக் காசில் டொமினிக் வேலை தேடிச் சவூதிக்குப் போகிறான். துணிந்தவன் அல்லவா.

சிறில் குசினி வாசலில் வந்து நின்றார். திரேசம்மாவையும் பிள்ளைகளையும் இங்கே கூட்டி வரலாமா என்று கேட்டார்.

"உம்மட வீடு. நீர்தான் சொல்லவேணும்."

இப்போதுதான் தெரிந்ததாக்கும். ஓம் என்றேன்.

பெப்ரவரி 3

வந்துவிட்டார்கள். இரண்டு பெட்டி, ஒரு தையல் மெஷின், ஒரு மாதா சுரூபம். பின் அறையை ஒழித்துக் கொடுத்தேன். பிள்ளைகளின் சட்டைகளை நானும் அவளும் மடித்து அடுக்கினோம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அன்று மேசையில் தாளை விரித்து எல்லாம் சொன்னேனே, நீரும் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர் என்றேன்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குக் கணக்கு விளங்காது அக்கா. அண்டைக்கு நான் கணக்குக் கேக்க வரேல்லை. நீங்கள் வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னா வைக்கிறேல்லை எண்டுதான் பஸ் ஏறினனான்."

அடுத்த சட்டையை எடுத்தாள். 

இரண்டு வருடமாக டொமினிக்கில் கோபம், சிறிலில் கோபம், கொழும்பு முகவரில் கோபம், வங்கியில் கோபம். கோயில் வாசல் கதையில் கோபம் — அதை அவள்தான் சொன்னாளா என்று ஒரு தரமாவது கேட்டேனா? ஒரு சொல். என்ரை வீட்டைக் காப்பாத்த அவ்வளவு கதைச்சனான். அவளுக்கு ஒரு சொல்லுச் சொல்ல எனக்கு என்ன வந்தது? நான் சரி. ஆறு வருடக் கணக்கு இரண்டு வருடத்தில் சரி வந்தது. இந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பெப்ரவரி 10

திரேசம்மா கிணற்றடியில் ஓலைச் சாய்ப்பு இறக்கினாள், தனியாகச் சமைக்கப்போகிறாளாம். வேண்டாம் என்றேன். குசினி பெரிது, எல்லோருக்கும் ஒரே உலையில் போடலாம் என்றேன். "பரவாயில்லை அக்கா" என்றாள், மரியாதையாகத்தான். பிறகு மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள்.

மத்தியானம் மூத்தவள் கொஞ்சம் உப்புக் கேட்டு வந்து குசினி வாசலில் நின்றாள். உள்ளே வந்து இருந்து சாப்பிடு பிள்ளை என்றேன். அம்மா ஏசுவா என்றாள். சிரட்டையில் உப்பைப் போட்டுக் கொடுத்தேன்.