கிணற்றடிப் பிரண்டை

மன்னி,

பிரண்டை நறுக்கிய கை இன்று காலையிலும் அரிக்கிறது. நல்லெண்ணெய் தடவிக்கொண்டுதான் நறுக்கினேன். விரல் முட்டிகள் வீங்கியிருப்பதால் இடுக்குகளில் எண்ணெய் சரியாகப் போகவில்லை போலிருக்கிறது. நேற்று உங்களுக்கு முதல் வருஷத் தெவசம். சமைத்தது நான்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், மயிலாப்பூர் வீட்டில் நீங்கள் முன்கட்டு, நாங்கள் பின்கட்டு என்று குடித்தனம் பிரிந்த புதிதில், கிணற்றடியை ஒட்டிச் சும்மா கிடந்த மண்ணைக் கேட்டு வந்தேன். நாலடி அகலம், பன்னிரண்டடி நீளம். பொது இடம்தான். ஆனாலும் மூத்த ஓர்ப்படி என்று மரியாதைக்குக் கேட்டேன்.

"தரையைக் கொத்தினா ஆத்துக்குள்ள பாம்பு வரும்டி. மொட்டை மாடில வெயில் கொட்டிக் கெடக்கு, அங்க வெச்சுக்கோயேன். ஏறி எறங்கினா ஒடம்புக்கும் நல்லதுதானே" என்றீர்கள். அடுத்த வாரமே ஆளை விட்டு அந்த மண்ணில் சிமெண்ட் போட்டுவிட்டீர்கள்.

ஏறி இறங்கினேன். முப்பத்தெட்டுப் படி. மண்ணும் சாணி எருவும் இந்த இடுப்பில்தான் மேலே போயின. வெண்டை, புடலை, அவரை, பாகல், பிரண்டை, தக்காளி என்று நாற்பத்திரண்டு செடிப் பைகள். எது காய்த்தாலும் முதல் பறிப்பு சுவாமிக்கு, அடுத்தது உங்களுக்கு. வாங்கிக்கொண்டு, "புடலங்காய் கொஞ்சம் முத்தல்" என்பீர்கள். ஒருநாளும் நன்றாயிருந்தது என்று சொன்னதில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டு ஒரு நாள் ஒவ்வொரு படியாக உட்கார்ந்தே இறங்கி வந்தேன். கீழே நின்று பார்த்த நீங்கள், "ஒன் வயசுல நான் ஓடிண்டிருந்தேன்" என்றீர்கள். கை கொடுக்கவில்லை.

நீங்கள் காலமான மாதத்தில்தான் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மாடி ஏறக் கூடாது, குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது. இரண்டைத் தவிர, பைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். யார் வீட்டுக்கு எந்தச் செடி போனது என்று தோட்டத்து நோட்டில் இருக்கிறது. கடைசித் தக்காளிப் பை படியிறங்கியபோது நான் அழவில்லை. கிணற்றடிச் சிமெண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்காத்துக்காரரிடம் போய் நின்றேன்.

"அவ பாத்துப் பாத்துப் போட்ட தரைம்மா அது. உடைக்கணுமா?"

"மாடி ஏற முடியலை, அண்ணா. கீழே எடம் இல்லேன்னா தோட்டத்தை இதோட விட்டுட வேண்டியதுதான்."

எழுந்து வந்து கிணற்றடியைப் பார்த்தார். பிறகு, "அவ ஒனக்குக் குடுத்திருக்கலாம்" என்றார். உயிரோடு இருந்தபோது உங்கள் காதில் விழும்படி அவர் ஒரு நாள் சொல்லியிருந்தால் என் கால் பிழைத்திருக்கும்.

உடைக்க வந்தவர் கடப்பாரையை இரண்டு போடு போட்டுவிட்டு நிமிர்ந்தார். "இன்னாமா இது, உள்ள கம்பியெல்லாம் கீது! லாரி நிறுத்தவா போட்டீங்கோ?"

"இல்லைப்பா. நான் செடி வைக்கக் கூடாதுன்னு போட்டது."

"அதுக்கா இம்மாம் சிமெண்ட்டு?" என்று அவர் சிரித்த சிரிப்பு உங்களுக்குக் கேட்டிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

குனிய வேண்டாம் என்று இடுப்புயரத்துக்குச் செங்கல் அடுக்கி மண் கொட்டினோம். நாற்பத்திரண்டில் இரண்டுதான் மிஞ்சின: பாகல், பிரண்டை. சுவரில் கயிறு கட்டி ஏற்றிவிட்டேன். நின்றபடியே பறிக்கலாம். மூட்டு வலிக்கு நல்லது என்றுதான் பிரண்டை வைத்தாள் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். பாகற்காயும் பிரண்டைத் துவையலும் இல்லாமல் நம்மாத்தில் தெவசச் சமையல் உண்டா?

கபாலி கோவிலில் அம்பாள் முன்னால் நின்று, மன்னிக்கிற மனசைக் கொடு என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு நாள் அடுப்படியில் நிற்கக் காலைக் கொடு என்றேன். கொடுத்தாள். சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றான் பெங்களூரிலிருந்து வந்த உங்கள் பிள்ளை. "ஆள் எதுக்குடா, நான் இருக்கேன்" என்று மடிப் புடவை கட்டிக்கொண்டேன்.

துவையலுக்குப் புளி எடுத்தபோது கை ஒரு நிமிஷம் நின்றது. புளி குறைந்தால் பிரண்டை நாக்கை அரித்துவிடும். அரிக்கட்டுமே என்று நினைத்தேன். அப்புறம், வேண்டாம் என்று தோன்றியது. ஒரு குறை வைத்தாலும் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக இடம் கொடுத்ததாகிவிடும். புளியைச் சரியாக வைத்தேன். எண்ணெயைத் தாராளமாக விட்டு வதக்கினேன்.

உங்களுக்காக, உங்கள் இடத்தில் இலையில் உட்கார்ந்த பிராமணர் பேசக் கூடாதில்லையா, கையைக் காட்டித் துவையலை இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். பாகற்காய்க் கறியையும் மிச்சம் வைக்கவில்லை. சாப்பாடு முடிந்ததும், வாத்தியார் மந்திரத்தை எடுத்துக் கொடுக்க, உங்கள் பிள்ளை கைகூப்பிக் கேட்டான்: "திருப்தியா?"

அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழங்கால் இரண்டும் கொதித்தன.

"திருப்தி" என்றார் அவர். உங்கள் இடத்தில் அமர்ந்து, உங்கள் வாயாகச் சொன்னார். நீங்கள் தர மறுத்த மண்ணில் விளைந்ததைத் தின்றுவிட்டு, பதினாறு வருஷமாக என்னிடம் சொல்லாததைச் சொன்னீர்கள், மன்னி. தெவசத்தில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது; வேறு வழியில்லை உங்களுக்கு.

வலி அப்படியேதான் இருக்கிறது. கோபமும். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் காலையில் பாகலுக்குத் தண்ணீர் விட்டேன். இந்தக் கால் நிற்கும் வரைக்கும் வருஷா வருஷம் நானே சமைப்பேன். நீங்களும் வந்து உட்கார்ந்து, அதையே சொல்லிவிட்டுப் போங்கள்.