கமலநாதன் தொப்பி

பிரிக்பீல்ட்ஸ்,
வியாழக்கிழமை காலை.

அன்புள்ள மாரியாயிக்கு,

தம்புசாமி சொல்லச் சொல்ல எழுதுவது. இங்கே என் முட்டியைத் தவிர மற்றதெல்லாம் சுகம். பெர்த்தில் நீயும் மகள் உஷாராணியும் மருமகனும் பேத்தியும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன்.

எழுதுகிறவர் நம் மூன்றாம் மாடி கௌசலா டீச்சர். அவர் கையெழுத்து அழகு. அதில் என் கோபமும் அழகாகத் தெரியும், ஏமாந்துவிடாதே. நான் சொல்வதை மாற்றாமல் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். கெட்ட வார்த்தை வந்தால் மட்டும் பேனாவை வைத்துவிடுவேன் என்றார். சரி என்றேன்.

போனில் பேசலாமே என்று நீ கேட்கலாம். பன்னிரண்டு நாளாக நீ எடுக்கவில்லை. உஷாராணி எடுத்து, அம்மா குளிக்கிறாங்கப்பா என்கிறாள். காலை ஏழு மணிக்கும் குளியல், மத்தியானம் இரண்டு மணிக்கும் குளியல். அங்கும் இங்கும் கடிகாரத்தில் ஒரே மணிதான் என்பதால், நேரம் தெரியாமல் கூப்பிட்டேன் என்று என்னை நானே சமாதானப்படுத்தவும் வழியில்லை. நீ எடுத்தாலும் அங்கே போன் எப்போதும் சத்தமாக எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் இருக்கும். இப்போது சொல்லப் போவதை மருமகன் கேட்கக் கூடாது.

நீ ஏன் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை, தொப்பிக்காரனோடயே இருந்துக்கோ, இங்க உனக்காக யாரும் காத்துக்கிட்டு இல்ல என்று சொன்னேன். அந்தப் பக்கம் குழந்தை அழுதது. அது எப்படி என் வாயில் வந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன். ஒரு வார்த்தையும் விடாமல் கேள்.

பொங்கலுக்குக் கோயிலில் எடுத்த படத்தை உஷாராணி அனுப்பினாள். நீ, அவள், குழந்தை. உங்கள் பின்னால் சாப்பாட்டு மேசை ஓரத்தில் ஓர் ஆள், தலையில் அகலத் தொப்பி. ஐம்பத்து மூன்று வருடமாக நான் அந்த ஆளைப் பார்க்கவில்லை. முகம் சுருங்கியிருக்கிறது, தோள் இறங்கியிருக்கிறது. ஆனால் தொப்பியை இடது காதுப் பக்கம் சாய்த்து வைக்கிற அந்தத் திமிர் மாறவில்லை. காப்பார் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்த கமலநாதன். யாரம்மா அது என்று உஷாராணியிடம் கேட்டேன். கமலநாதன் அங்கிள்பா, அம்மாவோட எஸ்டேட்டாம், ஆன்டி தவறிட்டாங்களாம், மகன்கூட இருக்காரு, நல்ல மனுஷன், வாரா வாரம் முருங்கைக்கீரை கொண்டுவந்து குடுக்கறாரு என்றாள். அதை மகள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நீ அங்கே போய் மூன்று மாதம். தினம் என்னிடம் பேசினாய். வெயில் எத்தனை என்று சொன்னாய், பால் டின் என்ன விலை என்று சொன்னாய். கீரையைப் பற்றி ஒரு நாளும் சொல்லவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து என் போனில் தொப்பி வர ஆரம்பித்தது. செய்தி கேட்கத் திறந்தால் ஓரத்தில் தொப்பி. ராசிபலன் கேட்டால் தொப்பி. முட்டி வலிக்குத் தைலம் காய்ச்சுவது எப்படி என்று ஒருவர் சொல்கிறார், அவர் தலைக்குக் கீழே தொப்பி. எல்லாம் அதே மாதிரி, அகல விளிம்பு, மண் நிறம், ஆம்பிளைத் தொப்பி.

கடைத்தெருவில் தேத்தண்ணி குடிக்கும்போது சுகுமாறனிடம் காட்டினேன். நான் கெலிண்டானாகச் சரக்கு ஏற்றி இறக்கிய லோரியைப் பதினாறு வருடம் ஓட்டியவன், அவனிடம் எனக்கு என்ன மறைப்பு. அவன் பார்த்துவிட்டுச் சிரித்தான். நாம எத தேடறமோ அதுதான்டா போன்ல விளம்பரமா வரும், நீ தேடுனியா என்றான். எனக்கு எழுதவே தெரியாது, நான் எங்கே தேடுவது என்றேன். நீ கிளம்பும்போது உஷாராணி இரண்டு போனையும் ஒரே கணக்கில் போட்டுத் தந்தாள், படங்கள் இரண்டிலும் வரட்டும் என்று. அதையும் சொன்னேன். அப்புறம் என்னடா, தேடுனது நீ இல்லேன்னா அவதான்லா, பெர்த்துல வெயில் அதிகம், யாருக்கோ தொப்பி வாங்கறா என்றான். தேத்தண்ணி ஆடை கட்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உன்னிடம் அப்படிப் பேசினேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை கௌசலா டீச்சர் ஒரு காரியமாக வந்தார். அவரும் பயனீட்டாளர் சங்கத்து ஆட்களும் சேர்ந்து அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதுகிறார்களாம். போனில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கீழேயிருந்து ஒரு பலகை எழும்பி வருமே, பெரிய பச்சைப் பொத்தானோடு, அதைப் பற்றிய மனு. நான் அதைக் கதவுத் தாழ்ப்பாள் என்றே நினைத்திருந்தேன். பச்சையைத் தொட்டால் திறக்கும், உள்ளே போகலாம். தொடாமல் போக வழி இருப்பதாகவே எனக்குத் தெரியாது. அது தாழ்ப்பாள் இல்லையாம். குக்கி என்று ஏதோ வைக்கிறார்களாம், நாம் எங்கே போனோம், எதை எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று குறித்துக்கொள்ளும் சின்னக் குறிப்பு. வைக்கட்டுமா என்று நம்மிடம் கேட்கிறார்களாம். பச்சை என்றால் வைத்துக்கொள். வேண்டாம் என்று சொல்லவும் இடம் இருக்கிறது, ஆனால் சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்கிற அளவு எழுத்தில்.

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரை வைத்துச் சோதித்துப் பார்த்து அதை மனுவில் சேர்க்க வேண்டுமாம். உங்களைத் தவிர இந்த புளோக்கில் ஆள் இல்லை, குறை நினைக்காதேங்கோ அண்ணை என்றார். குறை நினைக்க என்ன இருக்கிறது. பத்துப் பக்கங்களைத் திறந்து, எல்லாவற்றிலும் வேண்டாம் சொல்லுங்கோ என்றார். பத்திலும் பச்சையைத்தான் தொட்டேன். பிறகு அவர் விரல் வைத்துக் காட்ட ஒன்றில் வேண்டாம் சொன்னேன். சரி சொல்ல ஒரு தொடல். வேண்டாம் சொல்ல ஏழு. முதலில் சாம்பல் எழுத்து, பிறகு ஒரு பெரிய பட்டியல், ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும், கடைசியில் அதையும் உறுதி செய்ய வேண்டும், அங்கேயும் பச்சை நம்மை ஏமாற்றப் பார்க்கிறது. இரண்டு பொத்தானும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்க வேண்டும், அதுதான் மனு என்றார்.

அப்போதுதான் தொப்பி வந்தது. டீச்சர், இதைப் பாருங்கள், இது என் வீட்டுக்காரி தேடியது என்று காட்டினேன். அவர் உள்ளே எங்கேயோ போய்ப் பார்த்தார். உங்கட மகள் போன மாசமே அக்காவின்ரை போனைத் தனிக் கணக்கில மாத்திப்போட்டாள், இதில இருக்கிறது முழுக்க உங்கட தேடல்தான் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, கமலநாதன் தொப்பி எண்டு பதினொரு தரம் கேட்டிருக்கிறியள் அண்ணை என்றார்.

மாரியாயி, எனக்கு எதுவும் மறக்காது என்று உனக்குத் தெரியும். கேட்டதும் மறக்கவில்லை. படம் வந்த அன்றைக்கு மைக் படத்தை அழுத்திக்கொண்டு, கமலநாதன் தொப்பி எங்கே விற்கிறது, என்ன விலை என்று கேட்டேன். மறுநாளும் கேட்டேன். அதைத் தேடல் என்று நான் எண்ணவில்லை. எழுதினால்தான் தேடல் என்று இருந்தேன். வாய்விட்டுப் புலம்பியதை அந்தப் பெட்டி குறித்து வைத்துக்கொண்டு, என் பொறாமையை எனக்கே திரும்பத் திரும்ப விற்கப் பார்த்திருக்கிறது. அந்தப் பழியை உன்மேல் போட்டேன். தப்பு என்னுடையது. இந்த வரியைக் கொஞ்சம் பெரிதாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் பொறாமை பொய்யில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். எழுபத்தொன்றில் காப்பாரில் பெண்களுக்கு மாலை வகுப்பு நடத்தியது கமலநாதன். நீ எழுத்துப் படித்தது அவரிடம். தப்பாக எதுவும் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும், நான் அதைச் சொல்லவில்லை. கல்யாணமான பிறகு மைலோ டின் மூடியில் அ எழுதிக் காட்டி, நீங்களும் படிங்க, ஒரு மாசத்துல வந்துடும் என்றாய். லோரியில் சரக்கு ஏற்றுகிறவனுக்கு எதுக்கு என்றேன். உஷாராணி பள்ளிக்குப் போன வருடம் மறுபடி கேட்டாய். கண் வலிக்கிறது என்றேன். கண் வலிக்கவில்லை. நீ அந்த அ போடும்போது அவர் உன் கையைப் பிடித்துப் போடக் கற்றுக் கொடுத்திருப்பாரோ என்று தோன்றியது. அவர் கொடுத்த எழுத்து என் கைக்கு வேண்டாம் என்று இருந்துவிட்டேன். ஐம்பது வருடமாக மருந்துப் புட்டியிலிருந்து பஸ் பலகை வரை எல்லாம் நீ படித்துச் சொன்னாய். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கொஞ்சம் எரிந்தது. இதை எழுதும்போது டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுதுங்கள் என்றேன்.

செவ்வாய்க்கிழமை முதல் இன்னொன்றும் மனதில் ஓடுகிறது. உன்னைப் பெண் பார்க்க வந்தது வைகாசி இரண்டாம் ஞாயிறு. இலைப் பச்சைப் புடவை, தோளில் கிழிசலை ஊசி குத்தி மறைத்திருந்தாய். தேத்தண்ணியில் சீனி குறைவு. அதற்கு முந்தின வாரம் பந்திங் ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்தோம். லோரியில் ஏறும்போது மாமா, என்னடா என்றார். தலையை ஆட்டினேன். அவ்வளவுதான், முடிந்துவிட்டது, காரணம்கூடக் கேட்கவில்லை. உன்னிடம், எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர், சம்மதந்தானே என்றார். நீ வாயைத் திறக்கும் முன்பே தட்டு கை மாறிவிட்டது. வேண்டாம் என்று சொல்ல நினைத்திருந்தால் நீ உன் அம்மாவிடம் சொல்லி, அம்மா அப்பாவிடம் சொல்லி, அவர் மண்டோரிடம் சொல்லி, மண்டோர் என் மாமாவிடம் சொல்லி, ஆளுக்கு ஆள் ஏன், எதற்கு, யாராவது இருக்கிறானா என்று கேட்டிருப்பார்கள். எனக்கு ஒரு தலையாட்டல் போதுமாக இருந்தது. நீ சரி சொன்னாய் என்று இத்தனை வருடம் பெருமையாக நினைத்திருந்தேன். நீ சொல்லவே இல்லை என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

வீட்டுச் செய்தி சொல்ல வேண்டும். உன் கறிவேப்பிலை பிழைத்துக்கொண்டது. லிப்ட் மறுபடி பழுது, அதனால்தான் முட்டி. மாத்திரையை டீச்சர் நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறார், பயப்படாதே.

அடுத்த மாதக் கடைசியில் நீ திரும்ப வேண்டும். குழந்தைக்கு ஒரு வயது ஆகட்டும், அதற்குப் பிறகும் அம்மா இங்கேயே இருந்தால் என்ன என்று உஷாராணி என்னிடம் இரண்டு தடவை கேட்டாள். அவளுக்கு உன்னை விட மனமில்லை. நான் பதில் சொல்லவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். குரலில் ஒரே ஒரு வார்த்தை அனுப்பு, நானே தட்டிக் கேட்டுக்கொள்வேன். வரேன் என்றால் வரேன். வரலை என்றால் வரலை. இரண்டுக்கும் ஒரே மூச்சுதான் ஆகும். காரணம் வேண்டாம். உன்னை யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று உஷாராணிக்குச் சொல்லிவிட்டேன். உன் அண்ணனிடம் சொல்லிச் சமாதானம் பேச வைக்க மாட்டேன். முட்டி வலியைச் சொல்லி அழைக்க மாட்டேன், மேலே சொன்னதை மறந்துவிடு.

வரலை என்று நீ சொன்னால் ஏன் என்று கேட்க மாட்டேன். கேட்க மாட்டேன் என்றுதான் சொல்கிறேன், நினைக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அவ்வளவு பெரிய மனது எனக்கு இல்லை, உனக்குத் தெரியும்.

குழந்தையின் தலையில் என் பேரைச் சொல்லிக் கை வை. உஷாராணியும் மருமகனும் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். கீரை கொண்டுவருகிறவரும் நோய் நொடியில்லாமல் இருக்கட்டும், அவரவர் வீட்டில்.

நீ எந்த வார்த்தையைச் சொன்னாலும் சீக்கிரம் சொல், மாரியாயி.

உன் பதிலுக்குப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
தம்புசாமி.