முன்பாதியைக் கொண்டுபோனவனுக்கு

சோப்புப் போட்டுக் கழுவியும் உள்ளங்கையில் கயிற்று வாடை போகவில்லை. நேற்று உன் பெட்டியைக் குழிக்குள் இறக்கிய கயிறு. ஒரு நுனியை உன் மகன் என் கையில் திணித்தான். "அப்பாவோட சேக்காளி நீங்கதான மாமா, பிடிங்க," என்றான். சேக்காளியாம். உன் வண்டவாளம் அவனுக்குத் தெரியாது. பிள்ளை முகத்துக்காகப் பிடித்தேன், உனக்காக இல்லை.

எழுபதுகளில் புதுத் துறைமுகம் வந்து கப்பல்கள் கரையை ஒட்டியே நிற்கத் தொடங்கியதும், நடுக்கடலுக்குத் தோணியில் சரக்குக் கொண்டுபோன நம் பிழைப்பில் மண் விழுந்தது. அந்த நேரம்தான் ஒரு பிரெஞ்சுக் கப்பலுக்கு ஆள் வேண்டும், ஒரே ஓர் இடம், பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தால் போதும் என்று பேச்சு வந்தது. காரைக்காலில் இருந்த உன் மச்சானிடம் பழைய பாடப் புத்தகம் வாங்கி வந்தாய். அதிலிருந்த வினைச்சொற்கள் ஒவ்வொன்றும் ரயில்வண்டி நீளம். ஒன்றும் என் வாயில் நுழையவில்லை.

வழி சொன்னவனும் நீதான். "ஏலே, கயிறு இழுக்கையில அம்பாப் பாட்டு பாடுதோம்லா, அதே மாதிரி சொல்லுவோம். நான் எடுத்துக் குடுக்கேன், நீ வாங்கிச் சொல்லு."

கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் உட்கார்ந்து நீ 'ரு-கொ-மான்' என்பாய். நான் 'ஸு-ரியோன்' என்று முடிப்பேன். அசைக்கு ஓர் இழுப்பு. முடிந்தால் மறுபடி தொடங்குவோம் என்று அதற்கு அர்த்தமாம். கருவாடு காயவைக்கிற பெண்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். எல்லாச் சொல்லும் அப்படித்தான், தலை உனக்கு, வால் எனக்கு. மாற்றிச் சொல்லலாமா என்று கேட்டால், "அம்பாவுல ஆள் மாத்துனா கயிறு நழுவிரும்ல," என்று வாயை அடைத்தாய். நானும் மண்டையை ஆட்டினேன்.

கப்பல் அதிகாரி முன்னால் முதலில் போனவன் நான். அவர் நீட்டிய தாளில் ஒரு நீளச் சொல். வாயைத் திறந்தேன், தலைப்பாதி வரவில்லை. நீ எடுத்துக் கொடுப்பாய் என்பதுபோல வாசலைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்துப் போன நீ, முன்னும் பின்னும் சேர்த்துத் தண்ணீர் பட்ட பாடாகச் சொல்லிவிட்டு வந்தாய்.

உன் அக்காதான் பிறகு போட்டு உடைத்தாள். "அவன் வீட்டுல ரெண்டு பாதியையும் ஒத்தையில சொல்லிச் சொல்லிப் பழகுனானே, ஒனக்குத் தெரியாதால?"

நீ கப்பலேறி ஊர் ஊராகச் சுற்றினாய். நான் உப்பளத்தில் மூட்டை சுமந்து காலைப் புண்ணாக்கிக்கொண்டேன். லீவுக்கு வரும்போதெல்லாம் சென்ட் பாட்டில் கொடுத்தனுப்புவாய். சாக்கடையில் ஊற்றினேன். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

நேற்று சாமியார் செபம் முடித்துத் தலையசைத்தார். எல்லாரும் கயிற்றை மெல்ல விட ஆரம்பித்தார்கள். என் கை மட்டும் விடவில்லை. "மாமா, விடுங்க," என்றான் உன் மகன். படுபாவி, இத்தனை வருடத்துக்குப் பிறகும் நீ எடுத்துக் கொடுப்பாய் என்று நான் காத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். குழிக்குள்ளிருந்து ஒன்றும் வரவில்லை. 'ஸு-ரியோன்' என்று என் பாதியை மட்டும் சொல்லிவிட்டுக் கயிற்றை விட்டேன்.